பிறை ஸ்டேஷனில் வாசித்தவர்

மலாய்த் தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் ஒரு மிஷன் பள்ளியின் வாத்தியப் பிரிவு வில்லியம் மாஸ்டரின் பொறுப்பில் இருந்தது. அவர் ஊதியது கார்னெட் என்ற சிறிய பித்தளைக் கொம்பு. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் பள்ளிக்குப் போய்ப் பித்தளை வாத்தியங்களைத் துடைத்து வைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

ஜப்பான்காரன் வந்ததும் பள்ளியில் இங்கிலீஷ் பாடம் நின்றது. வாத்தியப் பிரிவை மட்டும் மூடவில்லை. விழாக்களுக்கு பேண்டு வேண்டுமாம். ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்றபோது பேண்டுக்காரர்களுக்குக் கொஞ்சம் அரிசி கிடைத்தது. மனைவி லீனா மூச்சிரைப்பில் படுத்துக் கிடந்தாள். அந்த அரிசியை விட்டுவிட அவரால் முடியவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில், கடலுக்கு அக்கரையில் இருந்த பிறை ரயில் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி உத்தரவு. சயாமில் ரயில்பாதை போடப் போகிற தோட்டத்து ஆட்களை வாசித்து வழியனுப்ப வேண்டும், மூன்று மாதத்தில் திரும்பிவிடுவார்கள் என்றார் ஜப்பான்காரர்களின் மொழிபெயர்ப்பாளர் ஸ்ரீஸ்கந்தராஜா. நம்புவது மாஸ்டருக்கு வசதியாக இருந்தது. சாமான் ஏற்றும் பெட்டிகளில் ஆட்களை அடைப்பதைப் பார்த்த பிறகு, தலை நிமிராமல் வாசித்தார். அப்படி நான்கு ரயில்கள்.

மாதங்கள் போயின. யாரும் திரும்பவில்லை. அக்கரையில் பத்து காவான் என்ற ஊரின் தோட்டத்திலிருந்து மீனாட்சி என்ற பெண் அவரைத் தேடிப் பள்ளி வாசலுக்கே வந்தாள்.

"மாஸ்டர், எல்லாரும் பயந்துகிட்டுத்தான் இருந்தோம். ஸ்டேஷன்ல நீங்க வாசிச்சதைக் கேட்டதும் நல்ல எடத்துக்குத்தான் போறாங்கன்னு நெனைச்சு ஏத்திவிட்டேன். எங்க வீட்டுக்காரரு எப்ப வருவாரு, உங்களுக்குத் தெரியுமா?"

அவள் குற்றம் சொல்ல வரவில்லை, விசாரிக்கத்தான் வந்திருந்தாள். தெரியாதம்மா என்றார். அவள் கும்பிட்டுவிட்டு ஃபெர்ரிக்கு நடந்தாள்.

அந்த வாரமே அடுத்த ரயிலுக்கு உத்தரவு வந்தது. மாட்டேன் என்றால் உயிர் மிஞ்சாது. மாஸ்டர் அம்மிக் குழவியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். மேல் வரிசை முன்பற்கள் இரண்டையும் உடைத்துக்கொண்டார். அந்தப் பற்கள் இல்லாமல் கார்னெட்டை உதட்டில் அழுத்தி ஊத முடியாது.

ஜெலுத்தோங்கில் சைக்கிளிலிருந்து விழுந்ததாக லீனாவிடம் சொன்னார். அவள் எழுந்து போய்க் குழவியிலிருந்த ரத்தத்தைக் கழுவி வைத்தாள்.

"அரிசி போனாப் போகட்டும்," என்றாள்.

ஜப்பானிய அதிகாரி அந்த வீங்கிய வாயிலேயே அறைந்து, அவரை விமானத் திடலில் மண் சுமக்க அனுப்பினான். ரயில் நிற்கவில்லை, பேண்டும் நிற்கவில்லை. அவரிடம் படித்த பீட்டரைக் கூப்பிட்டு அவருடைய இடத்தில் நிறுத்தினார்கள். இப்படி ஆகும் என்று மாஸ்டர் யோசித்திருக்கவே இல்லை.

மறுவருஷம் லீனா இறந்துபோனாள்.

சண்டை முடிந்து பள்ளி திறந்தபோது மாஸ்டர் வாத்திய அறைக்குத் திரும்பினார். வாயால் பாடிக்காட்டியே பாடம் சொல்லிக்கொடுத்தார். பக்கத்து அறையில் ஆசிரியராக பீட்டர். பத்து வருஷம் சேர்ந்து வேலை பார்த்தும் பிறையைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஒரே ஒருமுறை மாஸ்டர் பத்து காவானுக்குப் போனார். மீனாட்சியின் புருஷன் வரவேயில்லை, அவள் கெப்பாலா பத்தாஸ் பக்கம் சொந்தக்காரர்களிடம் போய்விட்டாள் என்றார்கள். அங்கே போய் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.