குளத்தில் கரைத்த பெருங்காயம்

1. காணாமல் போன குளம்

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என் மேஜைக்கு ஒரு ஃபைல் வந்தது. அதில் கல்கத்தாவின் டாலிகஞ்சிலிருந்த ஒரு குளம் காணாமல் போயிருந்தது. போன வருஷம் வரை 'புகுர்', அதாவது குளம், என்று எழுதப்பட்டிருந்த இடம் இப்போது 'புல் மண்டிய தாழ்வான நிலம்' ஆகியிருந்தது. கீழே ஜூனியர் இன்ஜினியரின் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் பழுதில்லாமல் இருந்தன. குளத்தைத் தூர்க்க மற்றவர்களுக்கு எத்தனையோ லாரி மண் தேவைப்படும். எங்கள் ஜூனியர் இன்ஜினியர் ஒரே வரியில் தூர்த்துவிட்டார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. மேற்கு வங்க மாநில அரசில் நிலப் பாதுகாப்புப் பிரிவு ஒன்றுக்கு நான் தலைமை. தலைமை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் அறை, தள்ளினால் கிளம்பும் ஒரு ஜீப், கரண்ட் இருந்தால் சுற்றும் ஒரு மின்விசிறி. மலைப்பக்கத்து மண் அரிப்பு, செம்மண் மாவட்டத்துத் தடுப்பணை, ஊருக்குள் இருக்கிற குளம் குட்டை எல்லாம் எங்கள் தலையில். குளம் விஷயத்தில் கையில் பெரிய அதிகாரம் எதுவும் இல்லை. ஸைட் இன்ஸ்பெக்ஷன் முடித்து எங்கள் டைரக்டர் 'ஆட்சேபம் உண்டு' என்று எழுதினால் கட்டட பிளான் நிற்கும், 'இல்லை' என்றால் மறுநாளே லாரி வரும். பாதாள ரயிலுக்காக ஊரையே தோண்டிப் போட்டிருந்த காலம். மண்ணுக்குப் பஞ்சமில்லை, கொட்டுவதற்கு இடத்துக்குத்தான் பஞ்சம்.

என் பெயர் சங்கரலிங்கம் பிள்ளை. திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம், அப்பா காலத்தில் பவானிபூருக்கு வந்தது. மீனைத் தொடாதவன் மீன் குளத்துக்குக் காவலாம் என்று ஆபீஸில் கேலி செய்வார்கள். அதைவிடப் பெரிய கேலி ஒன்று உண்டு. நான் குடியிருந்த அரசாங்கக் குவார்ட்டர்ஸ் சால்ட் லேக்கில், சதுப்பைத் தூர்த்த மண்ணின் மேல் இருந்தது. இனி இதில் பேசுகிறவர்கள், என் வீட்டைத் தவிர, எல்லாரும் பேசியது வங்காளம். என் காதில் விழுந்தபடி தமிழில் தருகிறேன். 'தாதா', 'தா' என்றால் அண்ணன், 'தீதி' என்றால் அக்கா, அவற்றை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

2. புல்வெளியில் மாடு

அன்று சாயங்காலமே ஜீப்பைத் தள்ளிக்கொண்டு டாலிகஞ்ச் போனேன். ஃபைலில் இருந்தது பொய்யென்று சட்டென்று சொல்லிவிட முடியவில்லை. கரையிலிருந்து கரை வரை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு ஒரே பச்சை. தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கண்ணில் படவில்லை. போதாக்குறைக்கு இரண்டு மாடுகளைக் கரையில் கட்டி வைத்திருந்தார்கள். அசல் மேய்ச்சல் நிலம்.

சுற்றிலும் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளின் காலனி. காலனிப் பெண்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவர் மினோத்தி தீதி, ஆரம்பப் பள்ளி டீச்சர். அவர் வீடுதான் இருப்பதிலேயே பள்ளத்தில். வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தாதா, மழை பேஞ்சா எங்க காலனித் தண்ணி பூரா இந்தக் குளத்துலதான் இறங்குது. ஓரமா கொஞ்சம் தூத்ததுக்கே போன வருஷம் வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. எங்க அம்மாவால எழுந்திருக்க முடியாது. மேஜை மேல படுக்க வச்சு, நான் பக்கத்துல நின்னுகிட்டே இருந்தேன். முழுசாத் தூத்துட்டா மேஜைக்கு மேல எங்க கொண்டு போறது?"

உள்ளே அந்த அம்மாள் படுத்தபடியே என்னைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது.

திரும்பும்போது ஜீப்புக்குப் பக்கத்தில், அந்த இடத்தில் கட்டடம் எழுப்பப் பார்த்த கான்ட்ராக்டர் பிமல் ஷாஹா நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, புதுச் செருப்பு, கையில் சந்தேஷ் என்கிற பால் இனிப்பு டப்பா. வாயைத் திறந்தால் தேன்.

"ஷங்கர்தா, புல்லைப் பாக்க இவ்வளவு தூரம் வரணுமா? சொல்லியிருந்தா ஆபீஸுக்கே கொண்டு வந்திருப்பேனே."

"புல்லுக்கு அடியில தண்ணி இருக்கே, ஷாஹா பாபு."

"சால்ட் லேக்ல உங்க கட்டிலுக்கு அடியில என்ன இருந்துச்சு? அங்க நல்லாத் தூக்கம் வருதில்ல?"

டப்பாவை நான் வாங்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

3. நாற்காலி இன்ஸ்பெக்ஷன்

எங்கள் டைரக்டர் பாக்சி கெட்டவரல்ல, கொஞ்சம் பயந்தவர். நான் நீட்டி முழக்கி எழுதிய குறிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"நல்ல இங்கிலீஷ், பிள்ளை. ஆனா மேலேயிருந்து போன் வந்துகிட்டே இருக்கு. சனிக்கிழமை நேர்ல போவோம். புல் தெரிஞ்சா புல்லுன்னு எழுதுவேன்."

நேரில் போவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ரோட்டோரம் நிழலில் நாற்காலி போடுவார்கள். இளநீர் வெட்டுவார்கள். அதிகாரி உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணுக்கு எட்டியதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். நாற்காலியை விட்டு எழுந்தால் அது இன்ஸ்பெக்ஷன் இல்லை, விசாரணை.

பாக்சிக்கு உலகத்தில் ஒரே ஒரு வெறி, தூண்டில். ஞாயிற்றுக்கிழமையானால் குடை, தகர டப்பா, மூங்கில் தூண்டிலோடு எந்தக் குளத்தில் மீன் பிடிக்கக் காசுக்கு டிக்கெட் கொடுக்கிறார்களோ அங்கே போய்ப் பகல் பூரா உட்கார்ந்திருப்பார். கல்கத்தாவில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம். மீனை இழுக்கத் தண்ணீரில் போடுகிற இரைக் கலவையை அவர்கள் பெற்ற மகனுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். பாக்சிக்கோ யாரிடமாவது பெருமையடிக்காமல் இருக்கவும் முடியாது. அதனால் டூர் போகும்போதெல்லாம் ஜீப்பில் என்னிடம் சொல்லுவார்.

"உங்ககிட்டச் சொன்னா ரகசியம் பத்திரம், பிள்ளை. நீங்க சைவம்."

வறுத்த கடுகுப் பிண்ணாக்கு, வெந்தயம், புளித்த சோறு, இலுப்பைப் பூ, கடைசியில் ஒரு சிட்டிகை பெருங்காயம். இது ஏதோ ரசப்பொடிக் கணக்கு மாதிரி என் மனத்தில் தங்கிப்போயிருந்தது. அந்த வாரம் அது ஞாபகத்துக்கு வந்தது.

4. கோமதியின் அடுப்பு

நான் வெந்தயம் வறுக்கிற வாசனைக்கு என் மனைவி கோமதி வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன செய்யுதீய?"

"மீனுக்குச் சாப்பாடு."

"மீனுக்கா? நம்ம அடுப்புலயா?"

"மீனுக்குத்தான வறுக்கேன். மீனையா வறுக்கேன்?"

"இந்த வியாக்கியானத்தையெல்லாம் ஆபீஸ்ல வச்சுக்கிடுங்க." பிண்ணாக்கு வாடைக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் பெருங்காய டப்பாவைக் கவிழ்க்கப் போனதும் மூக்கை விட்டுவிட்டு என் கையைப் பிடித்தாள். "ஊர்லருந்து வந்த கட்டிப் பெருங்காயம் அது. கடல்ல கரைச்ச பெருங்காயம்னு சொல்லித்தான் கேட்டிருக்கேன். நீங்க குளத்துல கரைக்கப் போறீயளா?"

மினோத்தி தீதியையும் மேஜை மேல் படுத்த அம்மாளையும் பற்றிச் சொன்னேன். அவளே டப்பாவைக் கவிழ்த்தாள். ஒரு சிட்டிகைக்குப் பதில் ஒரு கைப்பிடி விழுந்தது. "போகட்டும், நல்ல காரியம். ஆனா இந்தச் சட்டியில இனிமே நான் சாம்பார் வைக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க."

உருண்டைகளை டிபன் கேரியரில் வைத்து மினோத்தி தீதியிடம் கொடுத்தேன். ரோட்டோரத்தில் நிழல் தருகிற மரம் ஒரே ஒரு கடம்பமரம்தான். நாற்காலி அங்கேதான் விழும். அதற்கு எதிரே, செடிகளுக்கு நடுவில், தினமும் விடிந்ததும் இரண்டு உருண்டை போடச் சொன்னேன்.

"மீன் வருமா, தாதா?"

"தெரியாது. மீன் சாப்பிடறவங்கதான் சொல்லணும்."

5. ஆட்சேபம்

சனிக்கிழமை நினைத்தபடியே கடம்பமரத்தடியில் நாற்காலிகள். இளநீர், சந்தேஷ், கரையில் மாடுகள். காலனி ஜனங்கள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மினோத்தி தீதி அம்மாவை வாசல்வரை தூக்கி வந்து உட்கார வைத்திருந்தார்.

பாக்சி இளநீரைக் குடித்தார். பச்சையைப் பார்த்தார். ஃபைலைத் தொடையில் வைத்துப் பேனாவைத் திறந்தார். மீன்கள் சனிக்கிழமை லீவு போட்டுவிட்டன என்றே நினைத்தேன்.

அப்போது காற்று திரும்பிக் குளத்துப் பக்கமிருந்து வீசியது. பேனா பாதி வழியில் நின்றது. பாக்சியின் மூக்கு ஒருதரம் விரிந்தது, இன்னொருதரம் விரிந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் கடம்பமரத்தின் கிளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

எதிரே புல்வெளி 'டபக்' என்று துள்ளியது.

"என்ன அது?" என்றார் பாக்சி.

"தவளை, சார்," என்றார் ஷாஹா.

"தவளையா? நல்ல கட்லாத் தவளை. கடுகு அரைச்சுவிட்டுச் சமைச்சா ஒரு குடும்பம் சாப்பிடலாம்."

ஷாஹா அசரவில்லை. "ஓரத்துல ஏதோ கொஞ்சம் ஈரம் இருக்கும், சார். மத்தபடி மாடு மேயற இடம்."

"அப்படியா? அப்ப மாட்டை அவுத்து விடுங்க. மேயறதைப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்."

இதை மறுக்க ஷாஹாவிடம் வழியில்லை. ஒரு மாட்டை அவிழ்த்தார்கள். வெயிலில் காலையிலிருந்து கட்டிக் கிடந்த மாடு அது. நேராக இறங்கிப் போனது. ஆகாயத்தாமரையை மூக்கால் இப்படியும் அப்படியும் ஒதுக்கியது. பிறகு தலையைக் குனிந்து 'சளப் சளப்' என்று தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. குடித்தது, குடித்தது, குடித்துக்கொண்டே இருந்தது. காலனியில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஷாஹாவின் டிரைவர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாக்சி அந்த இடத்திலேயே எழுதினார்: 'நேரில் பார்த்தேன். நீர்நிலை. மீன் துள்ளுகிறது. மாடு குடிக்கிறது. ஆட்சேபம் உண்டு.'

நாற்காலியிலிருந்து எழுந்து என் காதருகே வந்து, "இங்க ஞாயிற்றுக்கிழமைக்கு யாருகிட்ட டிக்கெட் கேக்கணும்?" என்றார்.

மினோத்தி தீதி அன்றே ஒரு காலனி கமிட்டி அமைத்தார். தூண்டில்காரர்களுக்கு டிக்கெட் கொடுத்து, அந்தப் பணத்தில் ஆகாயத்தாமரையை அள்ளினார்கள். டைரக்டரே வாராவாரம் குடை விரித்து உட்கார்ந்திருக்கிற குளத்தில் எந்த லாரி மண்ணைக் கொட்டும்? அந்த வருஷ மழைக்கு நான் போய்ப் பார்த்தேன். குளம் நிறைந்து கரை தளும்பியது. மினோத்தி தீதியின் அம்மா கட்டிலிலேயே படுத்திருந்தார். மேஜை மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பரீட்சைத் தாள்கள் இருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜீப்பைத் தள்ளுகிற சாக்கில் பின்பக்கம் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

6. தூக்கல்

பாக்சி ஓய்வு பெற்ற பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கரையில் அவரைப் பார்த்தேன். அந்தக் கட்லா மட்டும் அவருக்கு அகப்படவே இல்லை என்று நொந்துகொண்டார். மிதவையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"பிள்ளை, அன்னைக்குப் பெருங்காயம் கொஞ்சம் தூக்கல்."

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

"என் கலவை என் மனைவிக்குத் தெரியாது. மகனுக்குத் தெரியாது. உலகத்துலேயே ஒரு ஆளுகிட்டத்தான் சொல்லியிருந்தேன். அவர் சைவம்கிற நம்பிக்கையில."

இவ்வளவு யோசித்த எனக்கு அது மட்டும் தோன்றாமல் போயிருந்தது. "அப்பவே தெரிஞ்சுதா, சார்? ஏன் ஒண்ணும் கேக்கல?"

"எதுக்குக் கேக்கணும்? உங்க குறிப்பைக் காட்டி மேலே இருக்கறவங்ககிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. மீன் துள்ளிச்சு, மாடு குடிச்சுது, ஊரே பாத்துச்சு, நான் என்ன சார் பண்ணுவேன்னு சொல்ல முடிஞ்சுது. நியாயம் எனக்கும் தெரியும், பிள்ளை. சாக்குதான் கிடைக்காம இருந்துச்சு."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். மேலதிகாரிகளில் பாதிப்பேர் நல்லது செய்ய ஆசையுள்ளவர்கள், ஆனால் பயந்தவர்கள். உங்கள் நியாயத்தை ஃபைலில் வையுங்கள். சாக்கை அவர்கள் மூக்குக்கு எட்டுகிற தூரத்தில் வையுங்கள். நாற்காலியிலிருந்து அவர்களே எழுந்திருப்பார்கள்.

பெருங்காயம் மட்டும் அளவாகப் போடுங்கள்.