எட்டாம் எண் சட்டையை அணிந்தவர்

எங்கள் அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து, வாசலில் செருப்பை விட்டுவிட்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கி, இலை போடும்வரை புரட்டிக்கொண்டிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பாவைப் பற்றி எழுதும் பொறுப்பு மகளான என்னிடம் வந்தது. "நீதான் எதையாவது நோண்டிகினே இருப்பியே, நீயே எழுது" என்று அண்ணன் சொல்லிவிட்டான். உருக்கமாக எழுத எனக்கு வரவில்லை. இந்த ஓராண்டில் அழுகையும் வரவில்லை. ஏன் என்று சிலர் கேட்டீர்கள். எனக்கே தெரியாது. தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அப்பா செய்யாற்றுக்குப் பக்கத்தில் பிறந்தவர். தாத்தா கூலி வேலை செய்தவர். அப்பா பள்ளியில் படிக்கும்போதே தாத்தா காலமாகிவிட்டார். அப்பா ஐ.டி.ஐ.யில் டர்னர் பயிற்சி முடித்து, ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு அத்தைகளுக்கும் திருமணம் முடித்த பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். கொரட்டூரில் பிறந்து வளர்ந்த அம்மாவை மணந்து குவார்ட்டர்ஸில் குடிவைத்தார். நானும் அண்ணனும் அங்கேதான் பிறந்தோம். ஓய்வு பெற்றபின் ஆவடிக்குப் பக்கத்து அண்ணனூரில் இந்த வீட்டைக் கட்டினார். யார் வீட்டில் ஆள் போதவில்லை என்று கேள்விப்பட்டாலும் அங்கே போய் நிற்பார். கல்யாணமானாலும் சாவானாலும் கூப்பிடக் காத்திருக்க மாட்டார். இங்கே வந்திருக்கும் பாதிப் பேருக்கு அது தெரியும்.

இளமையில் அவர் தொழிற்சாலைக் கால்பந்து அணியில் இருந்தார். எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். கேடயத்தை நடுவில் வைத்துப் பதினொரு பேர். பத்துப் பேர் ஒரே மாதிரிச் சட்டை. ஓரத்தில் நிற்கும் அப்பா மட்டும் வெள்ளைச் சட்டை. தனிச் சட்டை போட்டவர் கோல்கீப்பர்தானே? அப்படித்தான் அம்மா எல்லோரிடமும் சொன்னார். நாங்களும் சொன்னோம். அப்பா ஆமாம் என்றதும் இல்லை, இல்லை என்றதும் இல்லை. விளையாட்டைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் அப்போ" என்று எழுந்து போய்விடுவார்.

அப்பாவின் துணிகளைப் பதினாறாம் நாளே எடுத்துக் கொடுத்துவிட்டோம். அதுதான் வழக்கம். கொடுத்து முடித்துப் பல மாதங்கள் கழித்துத்தான், நினைவு நாள் படையலில் படத்துக்கு முன் வைக்க அவருடைய துணி ஒன்றுகூட இல்லை என்பது அம்மாவுக்கு உறைத்தது. பரணைக் குடைந்தோம். பழைய தகரப் பெட்டியில், செய்தித்தாளில் சுற்றிய பச்சைக் கால்பந்துச் சட்டை ஒன்று கிடைத்தது. வெள்ளைக் காலர், முதுகில் வெள்ளைத் துணியில் வெட்டித் தைத்த 8. அம்மா அதை அன்றே துவைத்து, இஸ்திரி போட்டு, சாமி அலமாரியில் வைத்துவிட்டார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. பழைய கால்பந்துச் சட்டைகளைப் பார்த்து, இதைப் போட்டு ஆடியவர் யார் என்று கண்டுபிடிப்பது என் பொழுதுபோக்கு. கைப்பேசியில் அதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. எங்கோ இருப்பவர்களின் சட்டைக்கெல்லாம் ஆள் சொல்லியிருக்கிறேன். கோல்கீப்பருக்கு எட்டாம் எண் தரமாட்டார்கள். அதுவும் படத்தில் மற்றவர்கள் போட்டிருக்கும் அதே வெள்ளைக் காலர் சட்டையில் தரவே மாட்டார்கள்.

அண்ணனிடம் சொன்னேன்.

"கெடைச்சது ஒரு சட்டை. அதுலயும் ஓட்டை கண்டுபுடிக்கிறியா?" என்றான்.

"அது அப்பாவோடதுதானான்னு தெரிய வேணாமா?"

"நம்ம அப்பன் பெட்டியில எதிர் ஊட்டுக்காரன் சட்டையா இருக்கும்? போய் வேலையப் பாரு."

எண் முதுகில் இருக்கிறது. படமோ முன்பக்கம் எடுத்தது. எண்ணை வைத்துப் பயனில்லை. ஆனால் அந்தக் காலத்துச் சட்டைகள் தையல்காரர் கையால் தைத்தவை. ஒன்று போல் இன்னொன்று இருக்காது. இந்தச் சட்டையின் வலது கையில் ஓடும் வெள்ளை நாடாவின் இரு முனைகளும் ஒன்று சேரவில்லை. நடுவில் ஒரு விரல் அளவு பச்சை தெரிந்தது. படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, கைப்பேசியில் எடுத்து, பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒவ்வொருவர் கையாகப் பார்த்தேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவரின் நாடாவில் அதே இடைவெளி இருந்தது. அப்பா நிற்பதோ பின்வரிசையில்.

அம்மாவிடம் காட்டினேன். "இது தொரை இல்ல? உங்கப்பாகூட வேல செஞ்சவரு. நூம்பல்ல ஊடு கட்டிகினு பூட்டாரே" என்றார். பிறகு நான் எதற்குக் காட்டுகிறேன் என்று புரிந்துகொண்டு, அலமாரியிலிருந்து சட்டையை எடுத்து நாற்காலி மேல் வைத்தார்.

"ஏம்மா?"

"உசுரோட கீற மனுசன் துணிய செத்தவங்க படத்தாண்ட வெப்பாங்களாடி? அவரு புள்ளகுட்டிக்காரரு. வேணாம்."

"அப்ப படையல்ல என்ன வெக்கிறது?"

"ஒண்ணும் வெக்க வேணாம்."

கண்டுபிடித்ததும் எனக்கு வரும் வழக்கமான துள்ளல் வரவில்லை. வேறெதுவும் வரவில்லை. அவர் சட்டை எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது என்ற ஒரே ஒரு கேள்வி பாக்கியிருந்தது, அதனால் மறுநாள் நூம்பலுக்குக் கிளம்பினேன்.

துரை மாமா முன்னறையில் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சட்டையை நீட்டினேன். அவர் சட்டையின் முதுகைத் திருப்பி எண்ணைப் பார்க்கவில்லை. நேராக நாடாவின் இடைவெளியில் விரலை வைத்தார்.

"நாடா பத்தலன்னு அப்டியே உட்டுட்டான் அந்த டெய்லரு. இன்னாய்யா இதுன்னு கத்துனேன். நீ இன்னா கையாலயா பந்த ஒதைக்கப் போறேன்னு கேட்டான்."

"அப்ப இது உங்களோடதா மாமா?"

"என்னுதுதான்."

"அப்பா கோல்கீப்பரா?"

"யாரு, உங்கப்பனா? பந்து மூஞ்சிக்கு நேரா வந்தா கண்ண மூடிக்குவான்மா அவன்!" சிரித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "போட்டோ எடுக்கறப்ப நம்ம கோலி, அதான் கோல்கீப்பரு, நைட் ஷிஃப்ட் முட்ச்சிட்டு தூங்க பூட்டான். அந்த எடத்துல உங்கப்பன நிறுத்தனோம். அவன் எங்க பன்னெண்டாவது ஆளு."

"பன்னெண்டாவது ஆளுக்கு என்ன நம்பர்?"

"அவனுக்கு ஏது நம்பரு? கிளப்புல குட்த்ததே ஆடுறவனுக்கு பத்து சட்ட, கோலிக்கு ஒண்ணு. எவனாவது உழுந்தா, கோட்டாண்ட வந்து சட்டையக் கழட்டிக் குட்க்கணும். வெளிய நிக்கிறவன் அத்த அந்த ஈரத்தோடவே மாட்டிகினு உள்ள ஓடணும். ரெண்டு, அஞ்சு, பதினொண்ணு, எல்லா நம்பரும் போட்டவன்மா உங்கப்பன். எல்லார் வேர்வையும் அவன் மேல பட்ருக்கு."

"அப்ப இது மட்டும் ஏன் எங்க வீட்ல இருக்கு?"

மாமா முட்டியைத் தடவினார். பெரம்பூரில் ஒரு ஆட்டம். அதில் அவர் முட்டி போயிற்று. தூக்கிக்கொண்டு வந்து கோட்டுக்கு வெளியே போட்டார்கள். படுத்தபடியே சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். அப்பா அதைப் போட்டுக்கொண்டு மீதி ஆட்டத்தை ஆடினார்.

"ஆட்டம் முட்ச்சிட்டு ஆஸ்பத்திரிக்கு எத்துகினு வந்தான். தொரை, ஒன் சட்டடான்னான். நான் வாங்கல. முட்டி செரியாயி நானே வந்து வாங்கிக்கிறேன்டா, அது வரிக்கும் வெச்சிகினு இருன்னேன். முட்டி செரியாவல. ரிடையர் ஆன அன்னிக்குக்கூட கேக்கறான், தொரை, ஒன் சட்ட எங்க ஊட்ல கீதுடான்னு. கெடக்கட்டும் போடான்னேன்."

அப்பா ஒருநாளும் அதை வெளியே எடுத்துக் காட்டாததன் காரணம் அப்போது தெரிந்தது. அது அவருடையதென்று அவர் நினைக்கவேயில்லை. அம்மா படையலில் வைக்க மறுத்ததைச் சொன்னேன். மாமா வருத்தப்படுவாரோ என்று பயந்தேன்.

"உங்கம்மா சொல்றது கரெக்டு" என்றார். "வெச்சிகினு இருன்னுதான் சொன்னேன். இந்தா ஒனக்குன்னு நான் குட்க்கவே இல்லியே. எத்தினி மணிக்கு படையலு?"

"காலைல பதினொரு மணிக்கு."

"நானே வந்து குட்க்கிறேன். எத்துகினு போ, அது வரிக்கும் அங்கயே இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். வெகுநேரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "அவரே அவரு கையால வெச்சா செரி. இருந்து சாப்ட்டுட்டுதான் போவணும்னு சொல்லு" என்றார்.

பாக்கி இருந்தது அண்ணன். மலருக்கு அவன் தட்டச்சு செய்து வைத்திருந்த வரியில் 'சிறந்த கோல்கீப்பராகத் திகழ்ந்தார்' என்று இருந்தது. எடுக்கச் சொன்னேன்.

"நம்ம அப்பன் வெளிய நின்னுகினு இருந்தாருன்னு சொந்தக்காரங்க கையில அச்சடிச்சிக் குடுக்கணுமா? சிரிக்க மாட்டாங்க?"

"அப்பா ஒருநாளாவது தன்ன கோல்கீப்பர்னு சொன்னாரா?"

அந்த வரியை அவனே அழித்தான். ஆகவே இதுவரை கோல்கீப்பர் என்று நாங்கள் உங்களிடம் சொன்னதைத் திருத்திக்கொள்ளுங்கள். அப்பா பன்னிரண்டாவது ஆள்.

கடைசி நாட்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. இதயம் பலவீனமாகிவிட்டது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் உள்ள மருத்துவமனையில் சில நாட்கள் இருந்தார். பேசிக்கொண்டிருந்தவர் தூங்கினார், அதோடு சரி. அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று யோசித்தால், அவருக்குக் குளிருமே என்று மின்விசிறியை நிறுத்தப் போனது மட்டும் நினைவுக்கு வருகிறது.

நடு வழியில் பெட்ரோல் தீர்ந்தும் வேறு வண்டி பிடித்து எங்களை மருத்துவமனையில் சேர்த்த பக்கத்து வீட்டு ஆட்டோக்கார அண்ணனுக்கு நன்றி. இரவுப் பணியில் இருந்த செவிலியர் அக்காவுக்கும், ஐஸ் பெட்டியோடு வந்து கடைசிவரை நின்ற எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும், தோள் கொடுத்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவிடாமல் சோறு கொடுத்தனுப்பிய குவார்ட்டர்ஸ் குடும்பங்களுக்கும், செய்யாற்றிலிருந்து வந்து அம்மாவோடு தங்கிய அத்தைகளுக்கும் எங்கள் நன்றி. பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று கற்பூரம் ஏற்றுவதற்கு முன் துரை மாமா சட்டையை எடுத்துக்கொண்டு படத்தருகே வருவார். அவருக்கு முட்டி மடங்காது, கொஞ்சம் நேரமாகும். யாரும் கையைப் பிடிக்க வேண்டாம், தானே நடப்பதாகச் சொல்லியிருக்கிறார். வழி விட்டு நில்லுங்கள்.