தெளிய வைத்த தண்ணீர்

சனத்நகரில் ஒரு பெட்ரோல் பங்க். அதன் தொட்டிகள் மண்ணுக்கடியில் புதைந்திருந்தன. அவை கசிந்தால் தெரிய வேண்டுமென்று சுற்றிலும் சோதனைக் குழாய்க் கிணறுகள் போட்டிருந்தார்கள். அந்தத் தண்ணீரை ஒரு தனியார் ஆய்வகம் சோதித்தது. ஆய்வக டிரைவர் புட்டிகளைக் கொண்டுவருவார், அங்கே வேலை பார்த்த மாதங்கி சோதிப்பாள். ஒவ்வொரு முறையும் சுத்தம் என்றே வரும்.

ஆனால் பங்குக்குப் பின்னாலிருந்த சந்தின் அடிபம்பில் பெட்ரோல் நாறுகிறது என்று கேள்விப்பட்டதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்கூட்டியில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அது 2007. அதே ஊரின் மாதாப்பூரில் ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்த நாட்களில், இந்தச் சந்தில் பம்புக்கு மஞ்சள் பூசி எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார்கள். பூசாரி வந்து போய்விட்டார். நாற்றம் போகவில்லை.

"இன்னாக்கா, குல்ஃபியா?" என்று கேட்டாள் பம்படியில் நின்ற புஷ்பா. ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வார்ப்படப் பட்டறை வேலைக்கு வந்த குடும்பம்.

"தண்ணி எடுக்க வந்தேன்."

"ஐஸ் பொட்டி வச்சு தண்ணியா? பெரிய எடத்துத் தண்ணிதான்!"

பங்கின் பின்புறத்தில் அந்தக் காரியத்தைப் பார்த்தாள். சோதனைக் கிணற்றுத் தண்ணீர் வாய் அகன்ற வாளிகளில் வெயிலில் திறந்து கிடந்தது.

"கலங்கின தண்ணிய உங்க ஆபீஸ்ல வாங்க மாட்டாங்களாம் மேடம். நேத்தே எறைச்சுத் தெளிய வச்சுட்டோம்" என்றார் மேனேஜர் வேணுகோபால். குடிக்கவும் தண்ணீர் கொடுத்தார், கேனிலிருந்து. பங்கின் சொந்த போர்வெல் மோட்டார் கம்பி கழன்று, ஓடாமல் கிடந்தது.

"தெளிஞ்சது மண்ணு சார். பறந்தது பெட்ரோல்" என்றாள் மாதங்கி.

கிணற்றில் தேங்கியிருந்த நீரை இறைத்துக் கொட்டிவிட்டு, புதிதாக ஊறியதை எடுத்தாள். புட்டியில் ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் ததும்ப நிரப்பி, உடனே மூடி ஐஸில் வைத்தாள். அடிபம்பிலும் அப்படியே எடுத்தாள். ஆய்வகத்தில் சோதித்தபோது இரண்டிலும் பென்சீன் வரம்பைப் பல மடங்கு தாண்டியிருந்தது. பென்சீன் ரத்தத்தைக் கெடுக்கும் விஷம்.

ஆய்வகத் தலைவர் விஸ்வநாத் முடிவைப் படித்தார். "பங்க் நம்ம கிளையண்ட்மா. யாரும் கேக்காம எடுத்த சாம்பிள். தூக்கிப் போடு."

"தண்ணியத் தூக்கிப் போட்டுடலாம் சார். குடிக்கிறவங்கள?"

சுத்தம் என்று காட்டும் வாளித் தண்ணீர்தான் அவருக்கு வேண்டியிருந்தது. அறியாமை எலுமிச்சம்பழம் கட்டியது. படித்த கூட்டமோ வாளியைத் திறந்து வைத்தது. எது பெரிய மூடநம்பிக்கை என்று யோசித்துக்கொண்டே மறுநாள் காலை சந்துக்கு வந்தாள்.

"இந்தத் தண்ணிய இனிமே தொடாதீங்க. காய்ச்சவும் கூடாது, அந்த ஆவியே விஷம்."

புஷ்பா குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. "நீ சொல்லிட்டு வண்டி ஏறிப் போயிடுவ. டேங்கர் எப்ப வரும்னு எவனுக்கும் தெரியாது. இன்னாத்தக் குடிக்கிறது, உன் குல்ஃபியையா?"

மாதங்கிக்குத் தெரிந்தது ஒன்றுதான். அதைச் சொன்னாள். "பங்க்ல கேன் தண்ணி குடிக்கிறாங்க. அவங்க போர் தண்ணிய அவங்களே தொடறதில்ல."

"ஹவ்வா? அப்டியா?"

புஷ்பா குடத்தைக் கவிழ்த்துக் கொட்டினாள். சற்று நேரத்தில் பெட்ரோல் போடும் இடத்தில் வரிசையாகச் சந்துப் பெண்களின் குடங்கள். அவற்றின் பின்னால் ஆபீஸ் கார்களின் ஹாரன்கள். கச்சிபௌலி ஆபீஸுக்கு நேரமாகிறது என்று ஒருவர் கத்தினார்.

"இது பங்க்கா, தண்ணிப் பந்தலா?" வேணுகோபால் பதறினார். "ரெண்டு கேன் தர்றேன், எடுத்துட்டுப் போங்க."

"ரெண்டு கேன் நக்கோ, வேணாம்! எங்க தண்ணில பெட்ரோல் ஊத்தினீங்க இல்ல? எங்க குடத்துல தண்ணி ஊத்துங்க. நீங்க குடிக்கிறத, தெனமும்" என்றாள் புஷ்பா.

மதியத்துக்குள் பங்கின் செலவில் டேங்கர் சந்துக்குள் நுழைந்தது. பெண்கள் குடங்களை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மாதங்கி ஓடவில்லை. பங்கின் அடியில் தொட்டி இன்னும் கசிந்துகொண்டுதான் இருந்தது. காலையிலிருந்து விஸ்வநாத் கூப்பிட்டுக்கொண்டிருந்த அவள் ஃபோன் மறுபடியும் அடித்தது. அதை அடிக்க விட்டுவிட்டு, ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அடுத்த தெரு அடிபம்பு எங்கே என்று குடம் நிரப்பி வந்த புஷ்பாவிடம் கேட்டாள்.