வாயில் நாலு குண்டூசி

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாக, அளவக்கா தையல் மேசையில் உட்கார்ந்து புருஷனுடைய ஜெர்சியின் முதுகில் பதினொன்றாம் நம்பரைத் தைத்துக்கொண்டிருந்தாள். சைக்கிள் கிளப்பில் ஆளுக்கு ஒரு நம்பர், துணியில் அச்சடித்தது. சேர்ந்த அன்றைக்குக் கொடுப்பார்கள். பந்தயத்தை விட்டு விலகுகிற அன்றைக்குப் பிரித்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஊக்கு குத்தினால் காற்றில் படபடத்துக் கிழியும், அதனால் தைத்தே ஆகவேண்டும் என்பது கிளப் செயலாளர் போட்ட சட்டம். போன துவையலில் பதினொன்றின் ஒரு மூலை விட்டுப்போயிருந்தது.

"ரெண்டு தையல் போதும்," என்றார் புருஷன், வாசலில் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டே. "இன்னையோட பிரிக்கப்போறதுதானே."

"பிரிக்கறதா இருந்தாலும் தையல் தையல்தான்," என்றாள் அவள். உதட்டில் நாலு குண்டூசி இருந்ததால் அது "தைய தையதா" என்று கேட்டது. அவருக்குப் புரிந்தது.

அளவக்கா என்பது தெரு வைத்த பெயர். தெருமுனையில் இருபத்திரண்டு வருஷமாக ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறாள். புதுத்துணி தைப்பதில்லை. பெருத்தவர்களுக்குப் பிரித்து விடுவாள், இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பாள், பெருத்தும் பெருக்கவில்லை என்று சாதிப்பவர்களுக்கு வாயை மூடிக்கொண்டு பிரித்து விடுவாள். கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா, வாயில் எந்நேரமும் குண்டூசி. அந்த வாயோடேயே பேசுவாள், திட்டுவாள், போன் எடுப்பாள். வாடிக்கைக்காரர்களுக்குப் பழகிவிட்டது. பழகாத ஒருவர் "நாளைக்கு வாங்க" என்றதை "நாலுக்கு வாங்க" என்று கேட்டு, நாலு மணிக்கு வந்து, கல்யாணத்துக்குப் போட வேண்டிய கால்சட்டை நாலு துண்டாகக் கிடப்பதைப் பார்த்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கக்கா பேசறது எனக்கு மட்டும் சுத்தமாப் புரியும்," என்பான் அவள் தம்பி. "நான் எழுத்துக்கு முன்னாடியே குண்டூசி பாஷை படிச்சவன்."

தம்பிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. புருஷன் பஸ் டிப்போ மெக்கானிக். இருவருக்கும் ஒரே பைத்தியம். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான ஸ்பிரிண்ட் என்கிற குறுந்தூரப் பந்தயத்தில் ஏழு வருஷமாக இறுதிச்சுற்றுக்கு வருவது இவர்கள் இருவர்தான். ஏழு வருஷமும் தம்பி முதல், புருஷன் இரண்டாவது. வீட்டு அலமாரியில் ஒரே மாதிரி ஏழு வெள்ளிக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். "செட்டா வாங்கின மாதிரி இருக்கு," என்பாள் நாத்தனார்.

மூன்று மாதத்துக்கு முன் டாக்டர், நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி, "சைக்கிள் ஓட்டுங்க, வேணாங்கல. பந்தயம் மட்டும் போதும்," என்று சொல்லிவிட்டார். அன்று சாப்பிடும்போது புருஷன் சொன்னார்: "மாப்ளைய ஒரே ஒரு தடவை ஜெயிச்சுட்டு நம்பரைப் பிரிச்சுக் குடுத்துடறேன். அதுவரைக்கும் யாரும் எதுவும் பேசாதீங்க." தம்பியும் அன்றைக்கு அந்தப் பந்தியில் இருந்தான். தட்டை விட்டு நிமிரவில்லை.

ஆக, ஜெயித்தால் நிறுத்துவார். தோற்றால் அடுத்த வருஷமும் அதே நெஞ்சை வைத்துக்கொண்டு ஓட்டுவார். அளவக்காவுக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிந்தது இது ஒன்றுதான். இந்த ஞாயிற்றுக்கிழமை மற்றதெல்லாம் குழப்பம்.

இத்தனை வருஷம் நம்பர் தைத்தாளே தவிர, அவள் பந்தயத்தைப் பார்த்ததில்லை. ஞாயிறுதான் கடையில் கூட்டம். இன்று கடையைப் பூட்டிவிட்டு, நாத்தனாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்திருந்தாள். நாத்தனார் பள்ளிக்கூட டீச்சர். மைக் வேண்டாத குரல்.

சைக்கிள் மைதானம் ஒரு பெரிய சிமென்ட் தாம்பாளம்போல, ஓரமெல்லாம் தூக்கிக்கொண்டு இருந்தது. பிரேக் இல்லாத சைக்கிள்கள். சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும், காலை நிறுத்தவே முடியாது.

"பிரேக் இல்லாத வண்டி, சொல்பேச்சு கேக்காத அண்ணன். பொருத்தம் பிரமாதம் அண்ணி," என்றாள் நாத்தனார்.

துப்பாக்கி வெடித்ததும் இருவரும் சீறிக்கொண்டு பாய்வார்கள் என்று அளவக்கா நினைத்து, துப்பட்டா நுனியை இறுக்கிப் பிடித்திருந்தாள். வெடிக்கவில்லை, விசில்தான் ஊதினார்கள். இருவரும் மாலை நேரத்தில் காற்று வாங்கப் போகிறவர்கள்போல மெதுவாக நகர்ந்தார்கள். ஒருவரை ஒருவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். பாதி வழியில் இரண்டு பேரும் நின்றே விட்டார்கள். கால் ஊன்றவில்லை, விழவுமில்லை. சரிவில் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

"என்ன இது, ஏதாவது சண்டையா?" என்றாள் அளவக்கா.

"ஓட்டப்பந்தயம்னு கூட்டிட்டு வந்தீங்க. நிக்கறதுக்குப் பந்தயம் வெச்சிருக்காங்களே அண்ணி!"

பக்கத்தில் வெண்கல மணியோடு நின்றிருந்த செயலாளர் சிரித்தார். "முன்னால போறவன்தான் காத்தைக் கிழிக்கணும்மா. பின்னால வர்றவன் அந்த மறைவுல சும்மா வந்து, கடைசில பாய்வான். அதனால நீ போ, நீ போன்னு நிப்பாங்க. ரெண்டு சுத்துல கடைசி இருநூறு மீட்டர்தான் நிஜப் பந்தயம்."

"எங்க வீட்டுல பாத்திரம் கழுவற கதை," என்றாள் நாத்தனார். "நீ போ, நீ போ."

"நாங்க இதை விட்டுப் பிடிக்கறதுன்னு சொல்வோம். முன்னால விடணும், அப்புறம் பிடிக்கணும். உங்க தம்பி அதுல புலி."

முதல் ஆட்டத்தில் புலி பிடித்தது. இரண்டாவதில் என்ன நடந்தது என்று அளவக்காவுக்குப் புரியவில்லை. எல்லோரும் கத்தியபோது அவளும் கத்தினாள், புருஷன் ஜெயித்திருந்தார். ஆளுக்கொன்று. இனி மூன்றாவதுதான் தீர்ப்பு. நடுவில் கால்மணி நேரம் இடைவேளை.

புருஷன் எதிர்ப்பக்கத்து நிழலில், முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அந்த முதுகு ஏறி இறங்குவதை இங்கிருந்தே அவளால் பார்க்க முடிந்தது.

"அக்கா, நம்பர் தொங்குது!" என்று தம்பி கூப்பிட்டான்.

அவன் நாலாம் நம்பர். கீழ்ப்பக்கத் தையல் முழுக்க விட்டிருந்தது. அவள் ஊசி நூலோடு அவனுக்குப் பின்னால் மண்டி போட்டாள். குண்டூசிகள் தாமாக வாய்க்கு வந்து சேர்ந்தன. அவன் திரும்பாமல், தாழ்ந்த குரலில் கேட்டான்.

"அக்கா, என்ன பண்ணட்டும்?"

எதைக் கேட்கிறான் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. ஊசி அப்படியே நின்றது. சொல்லக்கூடாது என்றும் தோன்றியது, சொல்லாமல் விடக்கூடாது என்றும் தோன்றியது. "விட்டு..." என்று ஆரம்பித்தாள். அதே நேரம் செயலாளர், மணி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஓங்கி ஓர் அடி அடித்தார். மிச்ச வார்த்தை குண்டூசிக்கும் மணிக்கும் நடுவில் போய்விட்டது.

"சரிக்கா," என்றான் தம்பி. அவள் நூலை முடிந்து அறுத்ததும் எழுந்து போய்விட்டான்.

மூன்றாவது ஆட்டத்தில் சீட்டுப் போட்டதில் புருஷனுக்கு உள்பக்கம் விழுந்தது. அவர்தான் முன்னால் போகவேண்டும். போனார். வளைவில் நின்றார். தம்பியும் நின்றான், இரண்டு முழம் பின்னால், சற்று மேலே. புருஷனின் கெண்டைக்கால் வெடவெடவென்று ஆடியது. அளவக்கா எண்ண ஆரம்பித்தாள். ஐம்பது வரை எண்ணினாள். அதற்கு மேல் எண்ணவில்லை.

"யாராவது ஒருத்தர் போங்களேன்டா!" என்று நாத்தனார் வகுப்பறைக் குரலில் அதட்டினாள். மைதானமே சிரித்தது.

புருஷன்தான் நகர்ந்தார். மணி அடித்தது. கடைசிச் சுற்று. எதிர்ப்பக்கத்தில் திடீரென்று எழுந்து நின்று மிதித்தார். தம்பி ஒரு கணம் தாமதித்தே கிளம்பினான். அந்த ஒரு கணத்தில் மூன்று சைக்கிள் நீளம் இடைவெளி விழுந்தது. கடைசி வளைவில் அது இரண்டானது, நேர்க்கோட்டில் ஒன்றானது, பிறகு அரையானது. முடிவுக் கோட்டுக்கு முப்பது மீட்டர் இருக்கும்போது, எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்த தம்பி சீட்டில் உட்கார்ந்தான்.

அவர் ஜெயித்தார், அரை டயர் வித்தியாசத்தில்.

"ஏன் உட்கார்ந்தான்?" என்று அவள் செயலாளரைக் கேட்டாள்.

"கடைசில உக்காந்து மிதிச்சா வேகம் கூடும்மா. சில பேர் தொடை செத்துப்போயும் உக்காந்துடுவாங்க."

"இவன் எதுக்கு?"

"அதை அவன் தொடையைத்தான் கேக்கணும்."

மத்தியானம் எல்லோரும் வீட்டில் சாப்பிட்டார்கள். நாத்தனார் வெள்ளிக் கோப்பைகளுக்கு நடுவில் தங்கக் கோப்பையை வைத்து, தள்ளி நின்று பார்த்து, "இப்பத்தான் செட்டு கெட்டுப்போச்சு," என்றாள். புருஷன் சிரித்தார். ஆனால் சாப்பாடு அதிகம் இறங்கவில்லை. தம்பி கை கழுவ உள்ளே வந்தபோது அளவக்கா கதவோரம் மறித்தாள்.

"விட்டுக்கொடுத்தியா?"

"என்னக்கா நீ? விட்டுப் பிடின்னு நீதானே சொன்ன?"

"நானா?"

"பின்ன? முன்னால விட்டேன். பிடிக்கப் பாத்தேன், முடியல. மாமா கால் இன்னைக்குக் காலா அது? இரும்பு."

"நான் அப்படிச் சொல்லலடா."

"அப்ப என்ன சொன்ன?"

பக்கத்து அறையில் புருஷன் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. தோற்கச் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? அவள் தம்பியின் முகத்தையே பார்த்தாள். நாள் முழுக்க ஊரார் எலும்பைப் பார்க்கிறவன். அவன் முகத்தில் ஓர் எலும்பும் தெரியவில்லை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, "குண்டூசி பாஷைல நான் இதுவரைக்கும் தப்பு விட்டதில்லக்கா," என்றான். கொஞ்ச நேரத்தில் நாத்தனாரை மோட்டார் பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அளவக்கா தையல் அறைக்கு வந்து, நாலு குண்டூசியை உதட்டில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். "விட்டுக் கொடு," என்றாள். பிறகு, "விட்டுப் பிடி," என்றாள். இரண்டும் கொழகொழவென்று ஒன்றுபோலவே விழுந்தன. சரி, காதுக்குத்தான் தெரியவில்லை, மனசுக்காவது தெரிய வேண்டாமா? விட்டுக்கொடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள், அது நிச்சயம். ஆனால் அந்த மணி அடித்தபோது, எதிரே குனிந்திருந்த அந்த முதுகைப் பார்த்து, இப்படி ஒரு ஜெயத்தையா அவருக்கு வாங்கித் தரப்போகிறோம் என்று வெட்கப்பட்டதும் நிச்சயம். வெட்கப்பட்ட வாய் வார்த்தையை மாற்றியிருக்குமா? இல்லை, கடைக்கு வரும் பெண்களுக்கு ஆயிரம் தடவை சொல்வதுபோல, "விட்டுத் தைக்கணும்டா, இறுக்கிப் பிடிச்சா இப்படித்தான் தெறிக்கும்" என்று நம்பரைப் பற்றித்தான் சொன்னாளா? நினைக்க நினைக்க மூன்றும் அவள் சொன்னதாகவே இருந்தது.

"யாரோட பேசற?"

புருஷன் தேநீர்க் குவளையோடு வாசலில் நின்றிருந்தார். அவள் குண்டூசிகளைத் துப்பி ஊசிமெத்தையில் குத்தினாள். அவர் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். தேநீரைக் குடித்து முடித்தார்.

"மாப்ள பின்னால வந்தா மூச்சு கேக்கும்," என்றார் பிறகு. "காதுகிட்ட, புஸ்ஸு புஸ்ஸுன்னு. ஏழு வருஷமா அதைக் கேட்டுக் கேட்டுத்தான் தோத்திருக்கேன். இன்னைக்குக் கடைசில அது கேக்கல."

"காத்துச் சத்தத்துல அமுங்கியிருக்கும்."

"இருக்கலாம்." குவளையைக் கையிலேயே சுற்றினார். "நம்பர் தைக்கறப்போ அவன்கிட்ட ஏதோ சொன்ன."

"வாயில குண்டூசிங்க."

"குண்டூசியோடதான் சொன்ன. நான் பாத்தேன்."

"விட்டுன்னு ஆரம்பிச்சேன். மணி அடிச்சுட்டாங்க. அப்புறம் என்ன சொன்னேன்னு... சத்தியமா எனக்கே தெரியலங்க."

அவர் அவளை நம்பினார் என்றுதான் தோன்றியது. அதனாலேயே அவர் முகம் இன்னும் குழம்பியது. பொய் என்றால் ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம்.

மேசைமேல் பதினொன்றாம் நம்பர் ஜெர்சி கிடந்தது. வேர்வை காய்ந்து உப்பு வெளுத்திருந்தது. காலையில் போட்ட தையல் கெட்டியாக இருந்தது. ரெண்டு தையல் போதும் என்றவருக்கு அவள் பதினெட்டு போட்டிருந்தாள். இழுப்பறையிலிருந்து பாதி பிளேடை எடுத்து, ஜெர்சியை மடியில் விரித்து, மூலையில் ஒரு நூலை நிமிண்டிப் பிடித்துக்கொண்டாள்.

"பிரிச்சுடட்டுங்களா?"

அவர் நம்பரைப் பார்த்தார், பிளேடைப் பார்த்தார். காலிக் குவளைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். முழங்காலில் கை ஊன்றி எழுந்து, அவளைச் சுற்றிக்கொண்டு, அறையை விட்டு வெளியே போனார்.