மார்க்கெட்டா ஒட்ட மறுத்த பெயர்

மார்க்கெட்டா பெர்த்துலாவுக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. அதைச் சொல்ல அவள் வெட்கப்பட்டதும் கிடையாது. தம்பேரே நகரத்தில் பதினேழு வருடம் கதவுத் தொழிற்சாலையில் மரம் இழைத்தவள். தொழிற்சாலையை மூடியபோது, வேலைவாய்ப்பு அலுவலகத்து ஆள் அவளைக் கடையில் கல்லாவில் உட்காரும் பயிற்சிக்கு எழுதப் போனான். அவள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, 'மின்கிதார் செய்பவர்' என்று தானே எழுதினாள்.

"வாசிப்பீங்களா?" என்று கேட்டான் அவன்.

"சவப்பெட்டி செய்றவன் உள்ள படுத்துப் பாத்துட்டா செய்றான்?" என்றாள்.

அது நடந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. இசைக்கருவிப் பள்ளியில் மகன் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்துவிட்டு, பழைய நூற்பாலைக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் பட்டறை போட்டாள். வருடத்துக்கு எட்டுக் கருவி, மிஞ்சினால் ஒன்பது. கணவன் ஊர்போ பஸ் ஓட்டுகிறான். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றித் தருவான். தந்தியின் அதிர்வைப் பிடித்து ஒலிபெருக்கிக்கு அனுப்புவது அதுதான்.

தந்திகள் ஓடும் நீளக் கழுத்தைக் கிதாரின் உடலில் பதித்து நான்கு திருகு போட்டு இறுக்குவது எல்லாப் பட்டறையிலும் உள்ள வழக்கம். மார்க்கெட்டா அதில் ஒரு பிடிவாதம் வைத்திருந்தாள். உடலில் குடையும் பள்ளத்தை அந்த ஒரு கழுத்துக்கு மட்டுமே பொருந்துகிற மாதிரி உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுவாள். பிறகு திருகே போடாமல் கழுத்தைப் பிடித்துத் தூக்குவாள். உடல் கூடவே எழும்ப வேண்டும். நழுவி விழுந்தால், எத்தனை நாள் வேலையானாலும் அந்த உடல் வீட்டு நீராவிக் குளியலறையான சவுனாவின் அடுப்புக்குப் போய்விடும். பள்ளத்துக்குள் பென்சிலால் தன் பெயரை எழுதுவாள். திருகைக் கழற்றினாலன்றி யாரும் பார்க்க முடியாது. கழுத்தின் நுனியில், முறுக்காணிகள் இருக்கும் தலையில் ஒன்றும் எழுதமாட்டாள். தன் பெயரைத் தானே பெரிதாகப் போட்டுக்கொள்கிறவனை அந்த ஊரில் யாரும் மதிப்பதில்லை.

போன வருடம் யல்மரி என்பவன் வந்தான். ஐஸ் ஹாக்கி அரங்கையே நிரப்புகிற ஹெவி மெட்டல் குழுவில் பேஸ் கிதார் வாசிப்பவன். அம்மாவின் ஏரிக்கரை நிலத்தில் விழுந்த ஆல்டர் மரத்தின் பலகையைத் தோளில் சுமந்து வந்து, "இதுல செய்ங்க" என்றான். ஏழு மாதம் ஆனது. முடித்த பிறகுதான் பணம் வாங்குவது அவள் வழக்கம்.

மே மாதம் வந்து முதல்முறையாக வாசித்தான். அடித்தந்தி ஒலித்ததும் மேசையில் இருந்த உளிகள் நடுங்கின.

"நான் விரல வைக்கிறதுக்கு முந்தியே சத்தம் வந்து நிக்குது" என்றான். பிறகு பையிலிருந்து ஓர் உறையை எடுத்தான். உள்ளே கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற மெல்லிய ஒட்டுத்தாளில் ஒரு பெரிய கம்பெனியின் பெயர் இருந்தது. "ஒப்பந்தம் போட்டிருக்கேன். மேடையில அவங்க பேருதான் தெரியணும். அவங்க செஞ்சு குடுக்கிறது எனக்குப் புடிக்கல, அதுவும் அவங்களுக்குத் தெரியும். இத தலையில ஒட்டி மேல வார்னிஷ் அடிச்சுடுங்க. எல்லாரும் செய்றதுதான்."

கோடை இசைத் திருவிழாவில் நாற்பதாயிரம் பேர் முன்னால் அந்தக் கருவி ஒலிக்கப் போகிறது. அப்படி ஒரு மேடைக்காக மார்க்கெட்டா பத்தொன்பது வருடம் காத்திருந்தாள். ஆசை இல்லாமல் இல்லை.

காப்பியோடு வந்த ஊர்போ விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒட்டிக் குடுத்துடேன்" என்றான். "சத்தம் உன்னோடதுதானே. நீதான் பேரே எழுத மாட்டியே. வெறுந்தலையில எவன் பேரு இருந்தா என்ன?"

"நான் எழுதாம விடுறது என் இஷ்டம். அதுக்காக அந்த இடம் வாடகைக்குன்னு அர்த்தமா?"

அவள் திருப்புளியை எடுத்தாள். நான்கு திருகையும் கழற்றிய பிறகும் கழுத்து விடவில்லை. உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டிப் பிரித்தாள். உடலை யல்மரியின் கையில் கொடுத்தாள்.

"மரம் உங்க அம்மாவோடது, எடுத்துட்டுப் போ. கழுத்து என்னோடது."

"உங்களுக்கென்ன கிறுக்கா? அவங்க கழுத்த இதுல மாட்டிக்குவேன்."

"மாட்டிப் பாரு."

மூன்று வாரம் கழித்துக் கம்பெனிப் பட்டறையிலிருந்து ஒருவர் போனில் கூப்பிட்டார். அவர்கள் மாட்டிய கழுத்து ஆடுகிறதாம், காகிதம் சொருகியும் நிற்கவில்லையாம். மார்க்கெட்டா செய்த கழுத்தின் வரைபடத்தை அனுப்ப முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"வரைபடம் கிடையாது. அளவெல்லாம் என் கட்டைவிரல்ல இருக்கு. அத வெட்டித் தபால்ல போட முடியாது."

திருவிழாவைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். யல்மரி கம்பெனியின் கருவியைத்தான் வாசித்தான். மார்க்கெட்டா கடைசிப் பாட்டுவரை எழுந்திருக்கவில்லை. அழுகை வந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை. "அன்னைக்கு மட்டும் ஒட்டியிருந்தா..." என்று தொடங்கிய ஊர்போ அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சவுனாவுக்கு விறகு வைக்கப் போனான்.

மறுநாளே பிர்ச் மரப் பலகை ஒன்றை எடுத்து, அந்தக் கழுத்துக்குப் புது உடல் செய்யத் தொடங்கினாள். முடித்ததும் தலையைக் குடைந்து, பித்தளைத் தகட்டில் வெட்டிய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பதித்தாள். பெர்த்துலா. கடைசி வரிசையில் நிற்பவனுக்கும் தெரிகிற அளவில்.

ஊர்போ தலையைச் சொறிந்தான். "அக்கம்பக்கத்துல என்ன சொல்லுவாங்க?"

"படிக்கத் தெரிஞ்சா பெர்த்துலான்னு சொல்லுவாங்க."

அதை வாங்கியவள் கெர்த்து. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். ஐம்பது தாண்டிய நான்கு பெண்கள் சேர்ந்து போடுகிற கூச்சலுக்கு அவள்தான் பேஸ். அவர்கள் கச்சேரிக்கு நாற்பது பேர் வந்தால் அதிகம்.

அக்டோபரில் யல்மரி கூப்பிட்டான். குரலில் பழைய மிடுக்கு இல்லை.

"அவங்ககிட்ட சண்டை போட்டுட்டேன், மார்க்கெட்டா. பேரே இல்லாத வெறுந்தலையா இருந்தா வாசிச்சுக்கன்னு ஒத்துக்கிட்டாங்க. அந்தக் கழுத்தக் குடுத்துடுங்க."

"அது இப்ப வெறுந்தலை இல்ல."

"எங்க இருக்கு?"

"வேலைக்குப் போயிருக்கு. வெள்ளிக்கிழமை ஹெர்வந்தா ஹால்ல வாசிக்குது. வா. எங்க நின்னாலும் பேரு நல்லாத் தெரியும்."