டீக்கடைக்குப் போனால் இறங்கும் பி.பி.

யோசனை வந்தது ஒரு போண்டாத் தட்டைப் பார்த்தபோது.

விருத்தாசலம் செராமிக் பட்டறைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஆரம்ப சுகாதார நிலையம். நான் அங்கே டாக்டராகச் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை. புதன்கிழமை எங்களுக்கு சுகர், பி.பி. நாள். அன்று காலை கரண்ட் போனதால் வரிசையை நிறுத்திவிட்டு எதிரே உள்ள டீக்கடைக்குப் போனேன். நான் சற்று முன் பார்த்து அனுப்பிய நோயாளிகள் அத்தனை பேரும் அங்கே பெஞ்சில் பந்தியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கையில் போண்டா, மறு கையில் மாத்திரை அட்டை. கடித்து, மென்று, டீயை ஊற்றி, மாத்திரையை உள்ளே தள்ளினார்கள். ஒரு பந்தி எழுந்ததும் அடுத்த பந்தி உட்கார்ந்தது.

நடுவில் ஆரோக்கியசாமி. ஐம்பது தாண்டியவர். செராமிக் பட்டறையில், காய்ந்த, இன்னும் சுடாத மண் விளக்குகளைப் பலகையில் வைத்துத் தோளில் தூக்கிப்போய்ச் சூளை வண்டியில் அடுக்குவது வேலை. கொஞ்ச நேரம் முன்புதான் அவருக்கு 166/98 பார்த்தேன். மூன்று மாத்திரைக்கும் அடங்கவில்லையே என்று கவலைப்பட்டு, நான்காவதை எழுதிக் கொடுத்து, உப்பைப் பற்றி ஒரு பிரசங்கமும் செய்து அனுப்பியிருந்தேன்.

"என்ன ஆரோக்கியசாமி, காலை மாத்திரையே இப்பதான் போடுறீங்களா?"

"ஆமாங்க டாக்டரம்மா. வெறும் வயித்துல வரச் சொன்னீங்கல்ல?"

"அது சுகர் டெஸ்டுக்கு. பி.பி. மாத்திரையைப் போட்டுட்டு வரலாமே?"

அவர் போண்டாவைக் கீழே வைத்தார். "வெறும் வயித்துல மாத்திர போட்டா கொடலு வெந்துடாதுங்களா?"

பக்கத்தில் கம்மாபுரத்து அம்மா ஒருவர் தன் பங்குக்குச் சேர்த்தார். "நானாச்சும் பரவால்ல. வெடியக்காலத்துலேந்து ஒண்ணுக்கே போவாம வந்தேன். யூரினு டெஸ்டுக்கு டப்பா குடுப்பீங்க, அப்ப வரலன்னா நீங்க திட்டுவீங்க."

எங்கள் கிளினிக் எப்படி நடக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மாத்திரையின் வேலை தீர்ந்துபோகும் நேரமாகப் பார்த்து வரச் சொல்கிறோம். பட்டினியாக நிற்க வைக்கிறோம். சிறுநீரை அடக்க வைக்கிறோம். வரிசையில் முந்தியவனோடு சண்டை போட விடுகிறோம். மூச்சு வாங்க உள்ளே வந்ததும், அவர் மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, சட்டைக் கை மேலேயே பட்டையைச் சுற்றி அழுத்துகிறோம். இத்தனைக்குப் பிறகும் ஒருவருக்கு பி.பி. ஏறவில்லை என்றால் அவரைத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

ஏறியிருப்பதைப் பார்த்ததும் மாத்திரையைக் கூட்டுகிறோம். கூட்டாவிட்டால் மாதாந்திரக் கூட்டத்தில், "உங்க சென்டர்ல மட்டும் ஏன் கன்ட்ரோல் ஆகல?" என்று கேட்பார்கள். என்ன மாத்திரை கொடுத்தாய் என்று கேட்பார்களே தவிர, அந்த ஆள் அதை எப்போது போட்டார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

"நாலாவதும் போட்டா இந்தத் தல சுத்து நிக்குங்களா?" என்றார் ஆரோக்கியசாமி.

"தலை சுத்துதா? எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"சொன்னேனே. பி.பி. ஏறுனா அப்படித்தான் சுத்தும்னு நீங்கதான் சொன்னீங்க." குரலில் குற்றச்சாட்டே இல்லை. அதுதான் குத்தியது. "போன வாரம் பலகையோட சாஞ்சுட்டேன். ஒரு பலக வெளக்கு தூளாப் போச்சு. இன்னொரு பலக வுழுந்தா வூட்டுக்குப் போயிடுன்னு மொதலாளி சொல்லிட்டாரு. வேற எங்க போவேன்? எனக்குத் தெரிஞ்சது சூளதான்."

நான்காவது மாத்திரைச் சீட்டை அவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன். "நாளைக்கு வேலைக்குப் போங்க. எப்பவும் போல மாத்திரை போடுங்க. பலகையை மட்டும் தூக்காதீங்க. நான் வரேன்" என்றேன்.

சூளைக்குப் போன மெஷின்

வியாழக்கிழமை பகலில் பி.பி. மெஷினோடு கிளம்பினேன். ஸ்டாஃப் நர்ஸ் விமலா சிஸ்டர் வாசலில் மறித்தார். இருபது வருட சர்வீஸ் அவருக்கு. "பேஷன்டுதான் ஆஸ்பத்திரிக்கு வருவாங்க மேடம். நீங்க என்ன, பால்காரர் மாதிரி வூடு வூடாப் போறீங்க?"

பட்டறையில் சூளையை விட்டுத் தள்ளி ஒரு நிழலில் ஆரோக்கியசாமியை உட்கார வைத்தேன். முதுகைச் சுவரில் சாய்த்து, கையைப் பெஞ்சில் வைத்து, ஐந்து நிமிடம் வாயே திறக்கக் கூடாது என்றேன். பிறகு அளந்தேன். 102/64. எழுந்து நிற்கச் சொல்லி, சற்றுப் பொறுத்து மறுபடி அளந்தேன். 84/56. அவர் சிரித்துக்கொண்டே சுவரைப் பிடித்தார்.

புதன்கிழமை எங்களிடம் காட்டுவதற்கு ஒரு பி.பி., மற்ற நாட்களில் சூளைக்கு ஒரு பி.பி. நாங்கள் புதன்கிழமைக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் போட்டுவந்த மூன்று மாத்திரைகளில் ஒன்று, சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் மாத்திரை. சூளை வெக்கையில் நாளெல்லாம் வியர்த்துக் கொட்டுகிறவருக்கு அதை எழுதிக் கொடுத்த அறிவாளி நான்தான்.

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார். "மேடம், இந்த ஆளுக்கு பி.பி. ஜாஸ்தி. வேலைக்கு ஆவ மாட்டாரு. நீங்களே ஒரு வார்த்த எடுத்துச் சொல்லுங்க."

"பி.பி. ஜாஸ்தி இல்லைங்க. மாத்திரைதான் ஜாஸ்தி."

"நீங்க குடுத்த மாத்திரதான?"

"ஆமாங்க. நாங்க கொடுத்ததுதான்."

அவருக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. அரசாங்க ஆள் தப்பை ஒப்புக்கொண்டதைக் கொண்டாட இரண்டு டீ சொல்லி அனுப்பினார். அந்தச் சந்தோஷத்தில் பேரமும் படிந்தது. பதினைந்து நாள் ஆரோக்கியசாமி பலகையைத் தொடக் கூடாது. உட்கார்ந்தபடி விளக்குகளின் பிசிறு சீவலாம். அதற்குள் தலைசுற்று நின்றால் பழைய வேலை. நிற்காவிட்டால் வூடு.

"எனக்கும் ஒருவாட்டி பாருங்க, சும்மா" என்று முதலாளி கையை நீட்டினார். உட்கார வைத்து, சாய வைத்து, பேசாமல் இருக்கச் சொன்னேன். அந்த ஐந்து நிமிடத்தில் இரண்டு போன் பேசினார், ஒரு டெம்போ டிரைவரைத் திட்டினார், சூளை ஆளை அதட்டினார். 178/104.

"இது பி.பி. இல்ல மேடம்" என்று பட்டையைத் தானே உருவிக்கொண்டார். "எனக்கு டென்ஷன். பி.பி. எல்லாம் வேலக்காரங்களுக்கு வர்றது."

மூன்று கேள்வி

ஆரோக்கியசாமிக்கு இரண்டு மாத்திரைகளை நிறுத்தி ஒன்றை மட்டும் வைத்தேன். சில நாளுக்கு ஒருமுறை வரச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் தாங்களாகவே மாத்திரையை நிறுத்திக்கொண்டு டாக்டராக வேண்டாம். அந்த வேலைக்கு ஏற்கெனவே என்னைப் போல நிறைய பேர் இருக்கிறோம்.

சுகாதார நிலையத்தில் ஒரு போர்டு எழுதி வைத்தேன். 'பி.பி. மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரில் போட்டுவிட்டு வரவும். சுகர் மாத்திரை மட்டும் சாப்பாட்டோடு.' அழகான கையெழுத்து. முதல் புதன்கிழமையே அதில் மூன்று மஞ்சள் பையும் ஒரு குடையும் தொங்கின. விமலா சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். உள்ளே வரும் ஒவ்வொருவரிடமும் அவருக்குக் கேள்வி மூன்றுதான்.

"மாத்திர போட்டாச்சா? ஒண்ணுக்குப் போயாச்சா? வாய மூடியாச்சா?"

முதல் இரண்டுக்கும் தலையாட்டி, மூன்றாவதுக்கும் வாயை மூடிக் காட்டியவர்களைப் பெஞ்சில் ஐந்து நிமிடம் உட்கார வைத்த பிறகுதான் என்னிடம் அனுப்புகிறார். வரிசை மெதுவாக நகர்கிறது. பெஞ்ச் போதவில்லை. டீக்கடைக்காரர், காலை வியாபாரத்தைக் கெடுத்துவிட்டதாக என்மேல் கோபமாக இருக்கிறார்.

பதினைந்து நாள் கழித்து பட்டறைக்குப் போனேன். உட்கார்ந்து 130/82. நின்று 126/80. முதலாளி பார்த்துக்கொண்டிருக்க ஆரோக்கியசாமி ஒரு பலகையைத் தோளில் ஏற்றினார். சூளை வண்டி வரைக்கும் போனார். ஒரு விளக்கும் ஆடவில்லை. முதலாளி, "ம், போ போ, வேலையப் பாரு" என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய பாராட்டு அவ்வளவுதான்.

நான் கற்றது சிறியது. மருந்துச் சீட்டில் பேனாவை வைக்கும் முன், இன்று மாத்திரை போட்டீர்களா, எப்போது போட்டீர்கள் என்று கேட்க வேண்டும். இதைக் கற்க ஐந்தரை வருடப் படிப்பும் ஒரு போண்டாவும் தேவைப்பட்டன.

பாக்கி இருப்பவர் முதலாளி. ஒரே ஒரு நாள் அளந்ததை வைத்து, அதுவும் போனில் கத்திக்கொண்டிருந்தவரை அளந்ததை வைத்து, பி.பி. என்று முடிவு கட்டினால் பழைய புதன்கிழமைக்கே திரும்பிவிடுவோம். வருகிற வியாழக்கிழமை மறுபடி மெஷினோடு போகிறேன். போனை அவர் மனைவி வாங்கி வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். நாற்காலியை நிழலில் போட்டு வைப்பது ஆரோக்கியசாமி பொறுப்பு. நேற்று மாத்திரை வாங்க வந்தவர் போகிற போக்கில் நின்று கேட்டார்.

"டாக்டரம்மா, சிஸ்டரோட அந்த மூணாவது கேள்விய மொதலாளிகிட்ட நான் கேட்டுக்கலாமுங்களா?"

கேளுங்கள் என்றிருக்கிறேன்.