பிட்டுக்குள் யாரும் இல்லீங்க

1. முதல் நாள்

விருத்தாசலம் ரயில்வே லோகோ ஷெட்டில் எடுபிடிக் கலாசியாகச் சேர்ந்த முதல் நாளே தூங்கிவிட்டேன். என் சர்வீஸில் அந்தச் சாதனையை வேறு யாரும் முறியடிக்கவில்லை.

தூங்கிய இடம் பிட்டு. தண்டவாளங்களுக்கு நடுவே, ஆள் இறங்கி நின்று எஞ்சினின் அடிவயிற்றைப் பார்ப்பதற்காகக் கட்டிய நீளக் குழி. மே மாத வெயிலில், பழமலைநாதர் கோயிலுக்கு அடுத்தபடி ஊரிலேயே குளிர்ச்சியான இடம் அதுதான். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கச் சொல்லி இறக்கிவிட்டார்கள். துடைத்த துணியையே தலைக்கு வைத்துப் படுத்துவிட்டேன்.

ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. பிட்டின் மேல் எஞ்சினை நகர்த்துமுன் சார்ஜ்மேன் குனிந்து மூன்று தடவை கத்துவார்.

"பிட்டுல யாராச்சும் இருக்கீங்களா?"

மூன்றாவது தடவைதான் எனக்கு விழிப்பு வந்தது. பிடிபட்டால் வேலை போய்விடுமே என்ற பயத்தில் வாய் முந்திக்கொண்டது.

"யாரும் இல்லீங்க!"

சார்ஜ்மேன் சவரிமுத்து டார்ச்சோடு இறங்கி வந்தார்.

"இல்லாதவரே, எழுந்து வாங்க."

ஷெட்டே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"நீ பேசாம கெடந்திருந்தாலும் எறங்கித்தான் பாத்திருப்பேன். மூணு தடவ கூப்புடறது உனக்காக. எறங்கிப் பாக்கறது எனக்காக. நானும் வூட்டுக்குப் போயி நிம்மதியா சோறு திங்கணும்ல?"

ரிடையர் ஆகும் வரை என் பெயர் 'இல்லாதவர்'. பிரிவு உபசார மாலையைப் போடும்போதுகூட, "இல்லாதவர் எங்கப்பா?" என்றுதான் தேடினார்கள்.

2. ஷெட் போன பிறகு

நீராவி எஞ்சின்கள் நின்றன, ஷெட்டைப் பூட்டினார்கள். கூரைத் தகடு போனது, தண்டவாளம் போனது. சீமைக் கருவேலம் வந்தது, அதன் பின்னாலேயே ஆடுகளும் சீட்டாட்டக்காரர்களும் வந்தார்கள். பிட்டை மட்டும் யாராலும் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை.

3. போன மாதம்

அதையும் மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வேறு வேலை இல்லாததால் பார்க்கப் போனேன். ஜேசிபி ஒன்று வாய் நிறைய மண்ணோடு நின்றது. ஆபரேட்டர் வேப்பூர்க்காரர், நாற்பது வயதிருக்கும்.

"கொஞ்சம் நிறுத்துங்க. உள்ள ஆளு இருக்குதான்னு பாத்தீங்களா?"

"ஆளா? பெருசு, இந்த வெயிலுக்குப் பாம்புகூட ஓடிப்போச்சு!"

நான் குனிந்து மூன்று தடவை கூப்பிட்டேன். பதில் இல்லை.

"கேட்டுட்டீங்கல்ல? நவுருங்க, டீ குடிக்கப் போவணும்."

பதில் வராததுதான் எனக்கு உறுத்தியது. ஒளிந்துகொண்டு பதிலும் சொன்ன முட்டாள் உலகத்திலேயே நான் ஒருவன்தான். மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

முட்டி முனக முனகப் படியில் இறங்கினேன். கோடியில், கருவேல நிழலில், தலை முதல் கால் வரை வெள்ளையாக ஓர் உருவம். நான் அலறினேன். அதுவும் அலறியது.

பக்கத்துப் பீங்கான் பட்டறைத் தொழிலாளி. உடம்பெல்லாம் களிமண் தூள். மதியச் சோற்றை முடித்துவிட்டுக் கண்ணயர்ந்திருக்கிறார்.

"கூப்பிட்டது கேக்கலீங்களா?"

"கேட்டுச்சுங்க. ரயில்வே எடத்துல படுத்திருக்கான்னு புடிச்சுக் குடுத்துடுவீங்கன்னு மூச்சு வுடாம கெடந்தேன்."

"ஜேசிபி சத்தம்?"

"ரோடு போடறாங்கன்னு நெனச்சேங்க."

திட்ட வாயெடுத்தேன். அந்தத் தகுதி எனக்கு இல்லை என்பது ஞாபகம் வந்தது.

ஏறும்போது என் முட்டி வேலைநிறுத்தம் செய்தது. பட்டறைக்காரர் கீழிருந்து தள்ள, ஆபரேட்டர் மேலிருந்து இழுத்தார். காப்பாற்றப் போனவனைக் காப்பாற்ற இரண்டு பேர். பட்டறைக்காரரும் பின்னாலேயே ஏறி வந்தார்.

ஆபரேட்டர் தண்ணீர் குடித்தார். சீட்டில் ஏறி வண்டியைக் கிளப்பினார். பிறகு அணைத்துவிட்டு இறங்கினார். குனிந்து மூன்று தடவை கத்தினார். அதோடு விடாமல் பிட்டுக்குள் இறங்கிக் கோடி வரை நடந்து போனார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாரும் இல்லீங்க!"

"சரிங்க," என்றேன், "மொதல்ல நீங்க மேல வாங்க."